கேனன் 50 மி.மீ. எஃப்/0.95: மவுண்டை மாற்றுவதா, லென்ஸையே கைமாற்றுவதா?

1961-இல் கேனன் 7 என்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கென்று (வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றுசேர்த்து ஃபோகஸ் செய்யும் வகை) வெளிவந்த 50 மி.மீ. எஃப்/0.95 லென்ஸை வைத்திருப்பவர்களில் பலர், லைகா எம் கேமரா ஒன்றும் கைக்கு வந்த பிறகு, இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். மனிதக் கண்ணைவிட நான்கு மடங்கு பிரகாசமானது என்று விளம்பரம் செய்யப்பட்ட, இன்று ‘டிரீம் லென்ஸ்’ என்ற செல்லப்பெயரால் அறியப்படும் இந்த லென்ஸ், கேனன் 7-லும் 1965-இல் அதற்கு அடுத்து வந்த 7எஸ் வகையிலும் மட்டுமே நேரடியாகப் பொருந்தும். லைகாவில் பொருத்த வேண்டுமானால் பின்புறத்தை மெக்கானிக்கிடம் கொடுத்து எம் மவுண்டுக்கு, அதாவது எம் கேமராவோடு பூட்டிக்கொள்ளும் அமைப்புக்கு, மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இதைக் கொடுத்துவிட்டு, எம் கேமராவில் தொல்லையின்றி அமரும் அதிக ஒளியை உள்ளே விடும் வேறொரு பெரிய துளை லென்ஸை வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாற்றம் ஏன் எளிதான வேலை அல்ல என்பது லென்ஸைத் திருப்பிப் பார்த்தாலே புரியும். பின்கண்ணாடி மவுண்டின் விளிம்புவரை நிறைந்து நிற்கிறது. லென்ஸின் அசைவை உணரும் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் கைக்கு இடம்விட வேண்டும் என்பதற்காகக் கண்ணாடியின் ஒரு ஓரத்தையே வெட்டியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய கண்ணாடி வழக்கமான 39 மி.மீ. திருகு மவுண்டுக்குள் அடங்காது என்பதால்தான், கேனன் 7-இன் திருகு வளையத்துக்கு வெளியே தனியாக ஒரு பயோனெட் (திருகு இல்லாமல் பூட்டும் இணைப்பு) வைக்கப்பட்டது. திருகு மவுண்டில் ஃபிலிம் வரையுள்ள தூரம் 28.8 மி.மீ., எம் மவுண்டில் 27.8 மி.மீ. சாதாரண திருகு லென்ஸ்கள் இந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு மெல்லிய வளையத்தைப் போட்டுக்கொண்டு எம் கேமராவில் ஏறிவிடுகின்றன. டிரீம் லென்ஸுக்கு அந்தச் சுலபமான வழி கிடையாது. பழைய பயோனெட்டைக் கழற்றி, புதிய வளையத்தைச் சரியான தடிமனில் கடைந்து, ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பையும் அதற்கேற்பச் சரிசெய்தாக வேண்டும்.

அந்தச் சரிசெய்தல் எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். இந்த லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் ஒரு மீட்டர். அந்தத் தூரத்தில் முழுத் துளையில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். மாற்றம் செய்யப்பட்ட ஒரு லென்ஸை நண்பர் ஒருவரின் லைகாவில் வைத்துப் பார்த்தேன். வியூஃபைண்டரில் இரண்டு பிம்பங்களும் கண்ணிமையின் மீது கச்சிதமாக ஒன்றுசேர்ந்தன. அச்சிட்ட படத்தில் இமை கரைந்திருந்தது. காதோரத்து முடி மட்டும் இழை இழையாகத் தெரிந்தது. தொலைவில் இருந்த தண்ணீர்த் தொட்டியை நோக்கியபோது பிம்பங்கள் முழுதாகச் சேரவே இல்லை. வேலை செய்த பட்டறை வளையத்தை அழகாகத்தான் கடைந்திருந்தது. இணைப்பைச் சோதிக்காமல் கொடுத்துவிட்டது. அதைவிட வருத்தம் தந்தது, பழைய பயோனெட் பாகம் அறுக்கப்பட்டுவிட்டதால், அந்த லென்ஸ் இனி ஒரு கேனன் 7-இலும் ஏறாது என்பது.

ஆகவே மாற்றத்திலேயே இரண்டு வகை உண்டு என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மூல உலோகத்தைத் தொடாமல், கழற்றிய பாகத்தின் இடத்தில் புதிய பாகத்தைத் திருகி வைப்பது ஒரு வகை. லென்ஸின் உடம்பையே கடைந்து புதிய மவுண்டை ஏற்றுவது மற்றொன்று. முதலாவதைப் பின்னாளில் திரும்பப் பெறலாம், இரண்டாவதை முடியாது. சேகரிப்பாளர்கள் அறுபட்ட லென்ஸுக்கு வேறு கண்ணோட்டத்தில்தான் விலை பேசுவார்கள்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தியும் இருக்கிறது. மின்னணுத் திரையில் ஃபோகஸ் பார்க்கும் கேமராவை, அதாவது சோனி ஏ7 போன்ற மிரர்லெஸ் கேமராவையோ லைவ் வியூ உள்ள டிஜிட்டல் எம் கேமராவையோ பயன்படுத்துபவருக்கு ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பே தேவையில்லை. கேனனின் வெளிப்புற பயோனெட்டை அப்படியே ஏற்கும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. லென்ஸில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம். அறுவைக்கு உண்மையான காரணம் உள்ளவர் ஃபிலிம் லைகாவில், ரேஞ்ச்ஃபைண்டரால் மட்டும் ஃபோகஸ் செய்ய விரும்புபவர்தான். அவருக்கும் கேமராவைப் பொறுத்துப் பலன் மாறும்: எம்3-இன் வியூஃபைண்டர் உருப்பெருக்கம் 0.91 என்பதால், 0.72 உருப்பெருக்கம் கொண்ட எம்6-ஐவிட அதில் இவ்வகை லென்ஸை நம்பிக் குறிவைக்கலாம்.

இனி கைமாற்றும் வழியைப் பார்ப்போம். கேனனின் சொந்த 50 மி.மீ. எஃப்/1.2 (1956) திருகு மவுண்டில் வந்தது. சாதாரண வளையத்தோடு எம் கேமராவில் அமர்ந்து ஒழுங்காக ஃபோகஸ் ஆகும். டிரீம் லென்ஸ் 600 கிராமைத் தாண்டும்போது, இது அதில் பாதியளவுதான் இருக்கும். ஒளியில் இழப்பது மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). வோய்க்லேண்டர் நோக்டன் எஃப்/1.1 (2009) எம் மவுண்டிலேயே பிறந்தது. அதில் இழப்பு அரை ஸ்டாப்புக்கும் குறைவு. இந்த இரண்டில் எதற்கு மாற்றினாலும் பெரும்பாலும் கையில் பணம் மிஞ்சும். 1976-இல் வால்டர் மாண்ட்லர் வடிவமைத்த லைகா நோக்டிலக்ஸ் எஃப்/1 வேண்டுமென்றால், நாம்தான் மேலே கணிசமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் கைமாற்றுவதே புத்திசாலித்தனம். ஆனால் இந்த லென்ஸை யாரும் எண்களுக்காக விரும்புவதில்லை. முழுத் துளையில் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள மாறுபாடு குறைந்து, வெளிச்சப் புள்ளிகளைச் சுற்றி மெல்லிய பால்படலம் போன்ற ஒளி பரவி, பின்னணி சுழல்வதுபோல் வளையும் அந்தத் தோற்றத்தை நோக்டன் தராது, எஃப்/1.2 கேனன் அதன் சாயலை ஓரளவு தரும். அந்தத் தோற்றத்துக்காகவே படம் எடுப்பவர், ‘இரவில் எடுக்க ஒரு வேகமான லென்ஸ்’ என்ற கணக்கில் இதைக் கொடுத்து வேறொன்றை வாங்கிக்கொண்டால் பின்னர் மனம் வருந்துவார். வேகம் மட்டும் போதும் என்பவர் தயங்காமல் கொடுத்துவிடலாம்.

கொடுப்பதற்கோ மாற்றுவதற்கோ முன்பு, துளை இதழ்களை முழுதாகத் திறந்து, சிறு டார்ச் வெளிச்சத்தைப் பின்னாலிருந்து பாய்ச்சிப் பாருங்கள். இதழ்களை ஒட்டிய கண்ணாடிப் பரப்பில் மூட்டம் படிவது அக்காலத்துக் கேனன் லென்ஸ்களில் அடிக்கடி காணும் குறை; நாளானால் அது கண்ணாடியையே அரித்து, துடைத்தாலும் போகாத தழும்பாகிவிடும். வெளியே நீண்டிருக்கும் பின்கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இக்குறைகள் உள்ள லென்ஸ் கைமாற்றில் நல்ல விலை போகாது. அதை மாற்றியமைத்துப் பயன்படுத்துவதில் இழப்பும் குறைவு. ‘டிவி லென்ஸ்’ என்று முகப்பில் பொறித்த வகையின் நிலையும் அதுவே. தொலைக்காட்சிக் கேமராக்களுக்காகச் செய்யப்பட்ட அதில் ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பு ஆரம்பத்திலேயே இல்லை. திரை பார்த்து ஃபோகஸ் செய்பவர் அதை எம் மவுண்டுக்கு மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

என்னிடம் இருப்பது இணைப்போடு கூடிய, கண்ணாடி தெளிந்த லென்ஸ். அது பிறந்த கேனன் 7-உடனேயே வந்தது. கேமராவின் எஃகு ஷட்டர் திரையில் சுருக்கம் விழுந்திருக்கிறது, செலினியம் மீட்டர் இறந்துவிட்டது, வியூஃபைண்டரின் கீழ் மூலையை லென்ஸே மறைக்கிறது. இருந்தும் ஷட்டர் சரியாக ஓடுகிறது; கேனன்காரர்கள் எந்த இணைப்புக்காகக் கண்ணாடியை வெட்டினார்களோ, அந்த இணைப்பு இந்தக் கேமராவில் கண்ணிமையில் வைத்தால் கண்ணிமையிலேயே விழுகிறது. அதனால் நான் அறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. டிஜிட்டலுக்கு ஓர் அடாப்டர் வாங்கிக்கொண்டேன். மாற்றத்தான் வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள், உலோகத்தை அறுக்க மாட்டேன் என்று எழுத்தில் தரும் மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். கேமராவையும் உடன் கொடுத்து, ஒரு மீட்டரிலும் முடிவிலியிலும் எடுத்த சோதனைப் படங்களைக் கேளுங்கள். கழற்றிய பயோனெட்டையும் அதன் திருகுகளையும் ஒன்றுவிடாமல் திரும்ப வாங்கி, லென்ஸ் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.