மெக்ரிட்சியில் பிள்ளைகளோடு நடக்க: எந்த வாசல், எந்தப் பாதை

சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பூங்கா என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது மர உச்சியை ஒட்டித் தொங்கும் பாலம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பாதி வழியில் திணறுவதும் பெரும்பாலும் அந்தப் பாலத்தால்தான். இங்கே இருப்பது ஒரே பாதை இல்லை. தண்ணீரை ஒட்டிய பலகைப் பாதை, காட்டுக்குள் போகும் மண் பாதை, பாலம், அதற்கப்பால் வரும் படிக்கட்டு என ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கால்வலு வேண்டும். பூங்காவுக்கும் பாலத்துக்கும் கட்டணம் கிடையாது. அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆறேழு வயதுக்குக் கீழே இருந்தால் பாலத்தை மறந்துவிடுங்கள். லார்னி சாலைப் பக்கத்துப் பிரதான வாசலில் நுழைந்து செம்பெராய், ஜெரிங், புரூனஸ் என்று பலகையில் எழுதியிருக்கும் நீரோரப் பாதைகளில் ஒன்றைப் பிடியுங்கள். பெரும்பகுதி மரப்பலகை, நல்ல நிழல், ஒரு பக்கம் எப்போதும் தண்ணீர். நீர் உடும்பு நீந்திப் போவதையும் ஆமைகள் மரக்கட்டையில் ஏறி வெயில் காய்வதையும் பார்ப்பதற்கே பிள்ளைகள் பத்தடிக்கு ஒருமுறை நின்றுவிடுவார்கள். ஆகவே மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். வந்த வழியே திரும்ப வேண்டியிருப்பதால், பிள்ளை களைத்த பிறகு திரும்பலாம் என்று இருக்காதீர்கள். கொண்டுபோன தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்பிவிடுவது நல்லது.

குழந்தைத் தள்ளுவண்டி சரிப்படாது. நடுநடுவே படிகளும் வேர்களும் வரும், வண்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கத்தான் நேரிடும். கைக்குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பை எடுத்துப் போங்கள். மழை பெய்த மறுநாள் காலை பலகையில் பாசி வழுக்கும், பலகைகள் கறுத்துப் பளபளப்பது தெரிந்தால் ஓடவிடாதீர்கள். அடிப்பாகம் தேய்ந்த காலணியும் ரப்பர் செருப்பும் இங்கே உதவாது.

பாலம்தான் வேண்டும் என்றால் பிரதான வாசலை விட்டுவிட்டு வீனஸ் டிரைவில் இருக்கும் வின்சர் இயற்கைப் பூங்கா வழியாகப் போங்கள். லார்னி சாலையிலிருந்து பாலத்தை எட்டவே நாலரை கிலோமீட்டர் அளவுக்கு நடக்க வேண்டும். வின்சரிலிருந்து அதில் ஏறத்தாழ பாதிதான். இதைத் தெரியாமல் பிரதான வாசலில் இறங்கும் குடும்பங்கள், போகவர 9 கிலோமீட்டருக்கு மேல் நடந்தாக வேண்டும் என்பதைப் பிள்ளை அழத் தொடங்கிய பிறகுதான் உணர்கின்றன. வின்சருக்கு அப்பர் தாம்சன் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். காரில் வந்தால் வார இறுதியில் எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், அங்குள்ள வாகன நிறுத்துமிடம் சின்னது.

வழியில் மண் பாதை ஏறி இறங்கும். கடைசியில் வரும் தார்ச்சாலை ஏற்றம்தான் மூச்சு வாங்க வைக்கும். அதற்கு முன்னால் வனக்காவலர் நிலையத்தில் கழிவறை இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் அங்கே போகச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு வின்சர் வரும்வரை வேறு வழியில்லை.

பாலம் 2004இல் திறக்கப்பட்டது. நீளம் 250 மீட்டர், மிக உயர்ந்த இடத்தில் காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், ஒரே நேரத்தில் 30 பேருக்கு மேல் ஏறக்கூடாது. நடக்கும்போது லேசாக ஆடும். கவனிக்க வேண்டியது இதுதான்: பாலம் ஒருவழி. நடுவில் பயந்துபோன பிள்ளை திரும்ப முடியாது, பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்கும். உயரம் என்றால் ஒத்துக்கொள்ளாத பிள்ளையை ஏறுமுன்னே ஒருமுறை கேட்டுவிடுங்கள். முன்னால் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளை, பின்னால் இன்னொருவர் என்று போவது சரியாக இருக்கும். ஒரு விஷயம், பாலத்தின் மேலிருந்து தூரத்தில் தெரிவது மெக்ரிட்சி இல்லை, அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கம்.

பாலத்தைக் கடந்ததும் முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பீட்டலிங் பாதையின் படிக்கட்டுகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன, அதுவும் ஒருவழி. கால் சோர்ந்திருக்கும் நேரத்தில் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் பிள்ளைகள் மனம் தளர்ந்துபோவது இங்கேதான். பாலத்துக்கு முன்னாலேயே பேரீச்சம்பழமோ கடலைமிட்டாயோ கொடுத்து, கொஞ்சம் உட்கார வைத்துவிட்டு ஏறுங்கள். உட்காரும் இடத்தில் குரங்கு இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரங்கு என்றால் நீள்வால் குரங்கு, கூட்டமாக வரும். பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தத்தைக் கேட்டாலே தீனி என்று அவற்றுக்குத் தெரியும். கையில் பையோ பிஸ்கட் பொட்டலமோ இருந்தால் பிடுங்கிக்கொண்டு போகும், பிள்ளை இழுத்துப் பிடித்தால் கீறல் விழும். தின்பண்டத்தை மூடியுள்ள டப்பாவில் வைத்து, டப்பாவை ஜிப் போட்ட முதுகுப்பைக்குள் வையுங்கள். பல்லைக் காட்டிச் சிரிப்பதையும் கண்ணை உற்றுப் பார்ப்பதையும் அது மிரட்டல் என்றே எடுத்துக்கொள்ளும். பறித்துவிட்டால் விட்டுவிட்டு மெல்ல நகருங்கள், ஓடாதீர்கள். தீனி போடுவது சட்டப்படி குற்றம், அபராதம் ஆயிரக்கணக்கான வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

பெரியவருக்கு ஒன்றரை லிட்டர், பிள்ளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீராவது வேண்டும். வெயிலைவிட ஈரக்காற்றுதான் ஆளை வாட்டும், நிழலில் நடந்தாலும் சட்டை நனைந்துவிடும். கொசு மருந்து தடவாமல் வராதீர்கள், டெங்கி உள்ள ஊர். பிற்பகல் இடிமழை இங்கே வழக்கம் என்பதால் காலையிலேயே நடையை முடித்துவிட வேண்டும். பாலம் செவ்வாய் முதல் வெள்ளி வரை 9 மணிக்கும், வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் 8.30க்கும் திறக்கிறது, மூடுவது மாலை 5. பொது விடுமுறை இல்லாத திங்கட்கிழமைகளில் கிடையாது. மோசமான வானிலையிலும் பராமரிப்புக்காகவும் மூடுவார்கள், அதனால் கிளம்புமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இதன் வரலாறும் சுவாரசியமானதுதான். 1868இல் கட்டி முடித்த, சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம் இது. அதை விரிவாக்கிய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயரை 1922இல் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால வீரர் லிம் போ செங்கின் கல்லறையும் இங்கேதான்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஒரு மதிப்பெண் குறைவது, நடைபாதையில் கழிவறையும் தண்ணீரும் இவ்வளவு தள்ளித் தள்ளி இருப்பதற்காக. காரை லார்னி சாலைப் பக்கம் நிறுத்திவிட்டுப் பாலத்தைக் கடந்து வந்தால், களைத்த பிள்ளைகளை நடத்திக்கொண்டு காருக்குத் திரும்புவது பெரிய பாடு. அப்படி ஆகிவிட்டால் வீனஸ் டிரைவில் வெளியே வந்து, பிள்ளைகளை அப்பர் தாம்சன் சாலைப் பரோட்டாக் கடை ஒன்றில் உட்கார வைத்துவிட்டு, ஒருவர் மட்டும் டாக்சியில் போய்க் காரை எடுத்து வரலாம்.