க்ளீ: 2013-இன் இரண்டு கனமான எபிசோடுகள்

'க்ளீ' பள்ளிப் பாடகர் குழு ஒன்றைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். அதில் ஏப்ரலில் வந்த 'ஷூட்டிங் ஸ்டார்' எபிசோடில் பள்ளிக்குள் துப்பாக்கி வெடிக்கிறது. அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் துப்பாக்கிச்சூட்டுப் படுகொலை நடந்து நான்கே மாதம்! பயந்து ஒளிந்திருக்கும் மாணவர்களின் நடிப்பைச் சிலர் புகழ்ந்தார்கள். பாட்டும் கிண்டலுமாக ஓடும் தொடருக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கொதித்தார்கள். துப்பாக்கி கொண்டுவந்தது டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் குறைபாடு உள்ள மாணவி பெக்கி என்று காட்டியது உறுத்தலான விஷயம், எனக்கும்தான்.

அக்டோபரில் வந்த 'தி குவார்ட்டர்பேக்' வேறு ரகம். ஃபின் வேடத்தில் நடித்து, ஜூலையில் இறந்துபோன கோரி மான்டீத்துக்கு அஞ்சலி. நிஜத்திலும் அவருடைய காதலியான சக நடிகை லியா மிஷெல் பாடும் காட்சியை நடிப்பென்று பார்க்கவே முடியாது. ஃபின் எப்படி இறந்தான் என்று சொல்லாமல் விட்டது சிலருக்குக் குறை. எனக்கு அதுதான் சரியென்று பட்டது. மறுபடி பார்ப்பதென்றால் இதைத்தான் பார்ப்பேன்.