பிட்காயினா, எத்தீரியமா: தப்பு வந்தால் யார் பொறுப்பு?

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகையில், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, பிட்காயின், எத்தீரியம் என்கிற இந்தக் கிரிப்டோ நாணய வலைப்பின்னல்களில் தப்பு நடந்தால் யாரைக் கேட்பது?" விலையைக் கேட்காமல் இதைக் கேட்டானே என்று மனம் நிறைந்தது.

யார் முடிவெடுப்பது?
பிட்காயின்: மாற்றத்தை யாரும் முன்மொழியலாம்; எந்த மென்பொருளை ஓட்டுவது என்பது நோடு (வலைப்பின்னலில் இணைந்த கணினி) நடத்துபவர் விருப்பம். 2017-இல் பெரிய நிறுவனங்கள் கையெழுத்திட்டும் பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) அளவை இரட்டிப்பாக்க முடியவில்லை.
எத்தீரியம்: உருவாக்குநர்கள் கூடிப் பேசுவதை எல்லோரும் பார்க்கலாம். மாற்றங்கள் வேகமாக வரும்.

தப்பு நடந்தால்?
எத்தீரியம்: 2016-இல் 'டாவோ' என்ற கூட்டு முதலீட்டு நிதியின் ஒப்பந்தத்தில் (தானாக இயங்கும் நிரல்) இருந்த ஓட்டை வழியே சுமார் 36 லட்சம் ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) போனது. பரிவர்த்தனைப் பதிவுச் சங்கிலியையே இரண்டாகப் பிரித்து மீட்டார்கள்; ஒப்பாதவர்கள் பழைய சங்கிலியான எத்தீரியம் கிளாசிக்கில் நின்றார்கள். பணம் திரும்பியது நல்லதுதான். ஆனால் ஒருமுறை திருத்தியவர்கள் மறுபடியும் திருத்தலாமே என்ற பயம் எனக்கு இன்னும் உண்டு.
பிட்காயின்: இல்லாத நாணயத்தை உருவாக்க வழிவிட்ட பிழை 2018-இல் பிடிபட்டது. அதுவரை ஒரு வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

செலவு? இரண்டிலும் மூலநிரல் இலவசம், உரிமத்தில் உத்தரவாதமும் கிடையாது.

சரி, தொடாமல் பல வருடம் வைப்பதென்றால் பிட்காயின். ஒப்பந்தம், செயலி என்று எழுதிப் பார்க்க எத்தீரியம். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் நிரலைத் தணிக்கை செய்தது யார் என்று முதலில் பார் என்றேன்.