ஆடி அமாவாசையா, நவம்பர் 2ஆ?

இலங்கையின் வன்னியில் சைவமும் வேதமும் (கத்தோலிக்கமும்) கலந்த வீட்டில், இறந்தவருக்கு எதைச் செய்வது என்ற குழப்பம் வரும்.

உயிர்: சைவத்தில் வினைக்கேற்ற மறுபிறவி. கத்தோலிக்கத்தில் ஒரே வாழ்வு, அப்புறம் தீர்ப்பு, உத்தரிக்கிற ஸ்தலம்.

உடல்: எரித்துச் சாம்பலைக் கடலில் கரைப்பது, அல்லது சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) அடக்கம். போய் உட்கார்ந்து அழ ஓர் இடம் வேண்டுமென்றால் சேமக்காலைதான்.

செலவு: அந்தியேட்டி என்ற சைவ இறுதிக் கிரியைக்கு யாழ்ப்பாணக் கடற்கரைக் கீரிமலைக்குப் போக வான் பிடிக்க வேண்டும். தேவாலயப் பூசைக்குக் காணிக்கை போதும்.

சரி, 2009இல் போரின் முடிவில் உடலும் திகதியும் இல்லாமல் போனவர்களுக்கு? சைவத்தில் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. கத்தோலிக்கத்தில் நவம்பர் 2 எல்லா ஆத்துமாக்களுக்கும் பொது. திகதி தெரியாதவர்களுக்கு இரண்டு முறையுமே பெரிய ஆறுதல். அம்மம்மா முல்லைத்தீவுக் கடலில் எள்ளும் தண்ணீரும் இறைப்பார். வேதக்கார மருமகனுக்கு மெழுகுதிரியும் கொளுத்துவார்.

இன்னும் வருவார் என்று காத்திருப்பவரிடம் இவற்றைச் சொல்லாதீர்கள். அவர் மடுத் திருத்தலத்து மாதாவுக்கு நேர்த்தி வைக்கட்டும்.