கீல் உள்ள கத்தியும் கீல் இல்லாத கத்தியும்

எங்கள் வீட்டில் இரண்டு அரிவாள்மனைகள் இருந்தன. ஒன்று, பலகையில் அலகை அசையாமல் இறக்கியது. இன்னொன்று மடக்கு அரிவாள்மனை. குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது பையில் போட்டு எடுத்துப்போக வாங்கியது. ஊர் திரும்பியதும் அது பரணுக்குப் போய்விடும். இடம் அடைக்காத ஒன்று இருக்கும்போது எதற்கு அந்தப் பெரியதையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். “அதுல மீன் அரிஞ்சு பாரு. அப்புறம் அந்தக் கீலைக் கழுவிப் பாரு” என்றார்.

மலையேற்றத்துக்கு, முகாமுக்கு எந்தக் கத்தி வாங்கலாம் என்று யாராவது கேட்டால் இன்றும் நான் அந்தப் பதிலிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். கடைக்காரர்கள் ஃபிக்ஸட் பிளேடு, ஃபோல்டிங் நைஃப் என்று சொல்லும் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கீல்தான். மடங்காததை உறை இல்லாமல் எடுத்துப்போக முடியாது என்பதால் அதை உறைக்கத்தி என்றே சொல்கிறேன். மற்றது மடக்குக்கத்தி.

பொதுவாகப் பேசினால் காற்றில் கத்தி வீசுவது போலாகிவிடும். வகைக்கு ஒன்றாக இரண்டு கத்திகளை எடுத்துக்கொள்வோம். உறைக்கத்திக்கு ஸ்வீடனின் மோரா கம்பேனியன். மடக்குக்கத்திக்கு பிரான்சின் ஒப்பினெல் எட்டாம் எண். இரண்டும் அவரவர் ஊரில் விலை மலிவான, உழைக்கிறவர்கள் வைத்திருக்கிற கத்திகள். மோராவின் அலகு 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஒப்பினெல்லின் அலகு 8.5 சென்டிமீட்டர். துருப்பிடிக்காத வகையை எடுத்துக்கொண்டால் இரண்டின் எஃகும் நெருங்கிய சொந்தம். ஒன்று 12சி27, மற்றது அதிலிருந்தே வந்த 12சி27எம். ஆகவே ‘எந்த இரும்பு உசத்தி’ என்ற பட்டிமன்றத்தை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டும் எந்த வேலைக்காகப் பிறந்தன என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்வீடனில் மோரா ஊர்ப்பக்கத்தில் ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் 1891-இல் மரம் இழுக்கும் சறுக்குவண்டிகள் செய்ய ஒரு பட்டறை போட்டார். அந்த மரவேலைக்கு வேண்டிய கத்திகளையும் அங்கேயே செய்தார். வண்டி போய்க் கத்தி நின்றது. ஈர மரத்தைச் சீவி உள்ளேயிருக்கும் காய்ந்த பகுதியை எடுத்துத் தீ மூட்டுவது, ஆப்பு சீவுவது, கரண்டி செதுக்குவது எல்லாம் அந்தக் கத்திக்குக் கைவந்த வேலை. ஒப்பினெல் பிறந்தது அதற்கு ஓராண்டு முன்னால், 1890-இல், ஆல்ப்ஸ் மலையடியில் சவோய் பகுதியில். கோடரி, அரிவாள் அடிக்கும் கொல்லர் குடும்பத்துப் பையன் ஜோசப் ஒப்பினெல், பதினெட்டு வயதில் செய்த சட்டைப்பைக் கத்தி அது. ரொட்டி அறுக்க, பாலாடைக்கட்டி வெட்ட, திராட்சைக் கொடியில் ஒரு கிளை நறுக்க என்று விவசாயிக்கு நாளெல்லாம் கூடவே இருக்கிற கத்தி.

இப்போது பலம். உறைக்கத்தியின் பக்கம் எல்லோரும் சொல்லும் முதல் வாதம் இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது. அலகு கைப்பிடிக்குள் வாலாக நீண்டு போகிறது. நடுவில் மூட்டு இல்லை. மோரா கம்பேனியனில் அந்த வால் கைப்பிடியின் கடைசிவரை போவதில்லை என்றாலும், ஒரு விறகுச் சிம்பின் மேல் கத்தியை வைத்து முதுகில் கட்டையால் தட்டிப் பிளக்க அது தாங்கும். மடக்குக்கத்தியில் அதே வேலையைச் செய்தால் அடி முழுவதும் கீலில் குத்தியிருக்கும் ஆணிக்குப் போகிறது. இரண்டு முறை தட்டினால் ஆட்டம் காணும், பத்து முறை தட்டினால் கத்தி கைப்பிடியோடு கோபித்துக்கொள்ளும்.

ஆனால் நம்மில் எத்தனை பேர் விறகு பிளக்கப் போகிறோம்? 2018-இல் குரங்கணித் தீ நடந்தது. அதற்குப் பிறகு நம் மலைகளில் தீ மூட்டுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது என்பது என் கட்சி. சரணாலயத்துக்குள் தீ வைப்பது சட்டப்படியும் வம்பு. கத்தியால் கட்டை பிளக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஐந்து மில்லிமீட்டர் தடிப்பில் கத்தி வாங்கி, அதில் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். இளநீர் சீவலாமே என்பார்கள். இளநீருக்கு இரண்டுமே ஆகாது; அதற்கு அரிவாள் இருக்கிறது.

என்னைக் கேட்டால் உறைக்கத்தியின் உண்மையான லாபம் பலத்தில் இல்லை, கழுவுவதில் இருக்கிறது. மீன் சுத்தம் செய்தாலும், மண்ணில் விழுந்தாலும், பலாப்பால் ஒட்டினாலும் ஓடையில் ஒரு முக்கு, வேட்டித் துணியில் ஒரு துடை, வேலை முடிந்தது. மோராவின் உறை பிளாஸ்டிக். பார்க்க அழகில்லைதான். ஆனால் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. தோலுறை அழகு என்று வாங்கி, கார்பன் எஃகுக் கத்தியை மழைக்காலம் முழுக்க அதற்குள்ளேயே வைத்துவிட்டு வெளியே எடுத்தால், தோலில் தங்கிய ஈரம் அலகில் செம்பழுப்பாகப் படிந்திருக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் துருப்பிடிக்காத வகையையே வாங்குவது நல்லது. கார்பன் வகை சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும் என்பது உண்மை. மாங்காய், எலுமிச்சை பட்டுக் கறுத்துப்போவதும் உண்மை.

ஒப்பினெல்லின் கைப்பிடி பெரும்பாலும் பீச் மரம். ஈரம் குடித்தால் மரம் ஊதும், ஊதினால் அலகைப் பிளவுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் நகம்தான் வரும். சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு கைவழக்கம் வைத்திருக்கிறார்கள்: கைப்பிடியின் பின்முனையைக் கெட்டியான இடத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம். மரத்துக்கு அவ்வப்போது எண்ணெய் பூசிவந்தால் தொல்லை குறையும். ஆனாலும் ஐப்பசி மழையில் நீலகிரியில் நடந்துகொண்டிருக்கும்போது ‘இதோ தட்டித் திறக்கிறேன்’ என்பது பெருமைப்படக்கூடிய ஏற்பாடு அல்ல.

அடுத்தது கை. ஒப்பினெல்லைத் திறக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், படகில் சாய்ந்திருக்கிறீர்கள் என்றால் அது முடியாது. பனையேறிகள் பாளை அரிவாளை இடுப்பில் பெட்டியில் செருகிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தின் உச்சியில் யாரும் கீலைத் திறந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் விரல். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. கல்லூரி நாட்களில் சந்தையில் பேர் ஊர் இல்லாத ஒரு மடக்குக்கத்தி வாங்கினேன். திறந்ததும் உள்ளே ஒரு தகடு நகர்ந்து அலகைத் தாங்கும், ‘டக்’ என்று சத்தமும் வரும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் வாங்கினேன். கொல்லிமலையில் மூங்கில் சிம்பு ஒன்றில் முனையைக் குத்தி லேசாகத் திருகியபோது தகடு வழுக்கியது. அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல். வேலைக்கு நடுவே மடங்குகிற ஆபத்து உறைக்கத்திக்குப் பிறவியிலேயே கிடையாது. ஒப்பினெல் இதற்கு 1955-இல் ஒரு வழி செய்தது: கழுத்துப் பூணின் மேல் சுழலும் ஒரு வளையம். விரோப்ளாக் என்று பெயர். திருப்பினால் பிளவை மறித்துக்கொள்ளும், அலகு மடங்க வழியில்லை. எளிய, கண்ணுக்குத் தெரிகிற பூட்டு. ஒரே சிக்கல், திருப்ப ஞாபகம் இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்குக் கத்தி பிடிக்கப் பழக்குவதென்றால் நான் சின்ன உறைக்கத்தியில்தான் தொடங்குவேன்.

இவ்வளவு சொன்ன பிறகு உறைக்கத்திதான் என்று முடித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் அடுப்படிக்கு வந்தால் ஆட்டம் மாறுகிறது. மோராவின் அலகு இரண்டரை மில்லிமீட்டர் தடிப்பு. இரண்டு பக்கமும் ஒரே சரிவாகக் கூருக்கு இறங்குகிறது. மரம் சீவ இதைவிட நல்ல வடிவம் கிடையாது. தீட்டுவதும் சுலபம், அந்தச் சரிவைக் கல்லில் படுக்க வைத்துத் தேய்த்தால் போதும், கோணம் தானாக அமையும். ஆனால் அதே வடிவம் கேரட்டுக்குள் போனால் ஆப்பு மாதிரி வேலை செய்கிறது. பாதி வழியில் கேரட் ‘பட்’டென்று பிளந்துவிடும். ஒப்பினெல்லின் அலகு மெல்லியது. தக்காளியும் வெங்காயமும் காகிதம் போல விழும். இது கீலுக்குக் கிடைத்த வெற்றி இல்லை, மெல்லிய அலகுக்குக் கிடைத்த வெற்றி. மெல்லிய அலகுள்ள உறைக்கத்திகளும் உண்டு. ஆனாலும் நம் முகாம்களில் கத்தி அதிகம் தொடுவது காய்கறியையும் பால் பாக்கெட்டையும்தான் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது.

எடையும் இருக்கிறது. உறையோடு மோரா சுமார் 115 கிராம், ஒப்பினெல் 45 கிராம் அளவு. எடையைவிடப் பெரிய விஷயம், கத்தி எங்கே இருக்கிறது என்பது. உறைக்கத்தி முதுகுப்பையின் அடியில் தூங்கும், மடக்குக்கத்தி கால்சட்டைப் பையில் இருக்கும். தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்க மடக்குக்கத்தியை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் ஒரு துண்டு கேட்பார். இடுப்பிலிருந்து உறைக்கத்தியை உருவினால் எழுந்து போய்விடுவார்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் 2016 ஆயுத விதிகள் 9 அங்குலத்தைவிட நீளமான, அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயத்துக்கானவை அதிலும் விலக்கு. நம் இரண்டு கத்திகளும் அதற்கு வெகு கீழே. காட்டில் கதை வேறு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கி, வலை, விஷம் ஆகியவற்றோடு கத்தியும் இருக்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது. மடங்குமா மடங்காதா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. முதுமலைக்கும் களக்காட்டுக்கும் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, வழிகாட்டியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இன்னொன்று: அங்கே தகுந்த காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடியது, பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தி மட்டும். ஒப்பினெல் எட்டாம் எண் நீளத்திலும் மாட்டும், பூட்டிலும் மாட்டும்.

சரி, எதை வாங்குவது? ஒருநாள் நடை, ரயில் பயணம், குடும்பத்தோடு சுற்றுலா என்றால் மடக்குக்கத்தி, கேள்வியே இல்லை. தூண்டில் போடுகிறவர், தோட்டம் வைத்திருப்பவர், துடுப்புப் படகு ஓட்டுகிறவர், மழையிலும் விடாமல் நடக்கிறவர் உறைக்கத்தி வாங்குங்கள். முதல் கத்தி, ஒன்றே ஒன்றுதான் என்றால் நான் இன்றைக்கு மடக்குக்கத்தியைத்தான் சொல்வேன். மீன் விஷயத்தில் அம்மா சொன்னது சரி என்றாலும், வருஷத்தில் எத்தனை நாள் காட்டில் மீன் அரியப் போகிறோம்?

மடக்குக்கத்தி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் ஒரு தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப்போங்கள். இரண்டு கையையும் நன்றாக நனைத்துக்கொண்டு ஐந்து தடவை திறந்து, பூட்டி, மூடிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். மூன்றாவது தடவையே நகம் வழுக்கினால் அந்தக் கத்தியை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.