ஒபாசத்தின் வால் மொட்டையான கதை: செரோக்கித் தொகுப்பு ஒன்றைப் பற்றிய மதிப்புரை

விலங்குகளுக்கு வாலும் கொம்பும் நிறமும் எப்படி வாய்த்தன என்று சொல்லும் கதைகள் பல நாடுகளில் உண்டு. ஆனால் அவற்றைச் சிறுவர்களுக்காக வெளியிடுவோரில் பலர் “ஒரு பழங்குடிக் கதை” என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்வதால், கதை யார் வாயிலிருந்து வந்தது, எந்த மண்ணுக்குரியது என்பது வாசிப்பவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அந்தக் குறை இல்லாத ஒரு நூலைத் தேடுகிறவர்களுக்கு, அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் கதைகளை இனவியலாளர் ஜேம்ஸ் மூனி தொகுத்த ‘மித்ஸ் ஆஃப் தி செரோக்கி’யைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இந்த ஆங்கில நூல் 1900ஆம் ஆண்டில், அமெரிக்க இனவியல் பணியகத்தின் 19ஆவது ஆண்டறிக்கையின் பகுதியாக வெளிவந்தது. அரசு அறிக்கை என்று எண்ணி யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். கதைகள் பேச்சின் வேகத்தோடு, பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கங்களுக்குள் முடிந்துவிடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது ஒபாசத்தின் கதை. பூனை அளவே உள்ள அந்தப் பைப்பாலூட்டிக்கு ஒரு காலத்தில் அடர்ந்த முடியுடன் நீண்ட வால் இருந்ததாம். காலைதோறும் அதை வாரிவிடும். கூத்து நடக்கும் இடங்களில் அதைப் பற்றியே பாடும். கரடி பிடுங்கிவிட்டதால் வாலை இழந்திருந்த முயலுக்கு இது பொறுக்கவில்லை. பெருங்கூட்டம் ஒன்றுக்கு அழைக்கப் போன முயல், வாலுக்கு ஒப்பனை செய்ய ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி, முடிவெட்டுவதில் பேர்பெற்ற சுவர்க்கோழிப் பூச்சியை அனுப்பிவைக்கிறது. ஒபாசம் கண்ணை மூடிப் படுத்திருக்க, பூச்சி வாலை வாருவதும் முடி கலையாமலிருக்கச் சிவப்புக் கயிற்றைச் சுற்றுவதுமாக இருக்கிறது. சுற்றச் சுற்ற முடியை அடியோடு கத்தரித்துக்கொண்டே போகிறது. இரவில் கயிற்றை அவிழ்த்துவிட்டு “என் அழகான வாலைப் பாருங்கள்” என்று ஒபாசம் ஆட, கூட்டம் ஆரவாரிக்கிறது. அது பாராட்டு என்று நினைத்து வாலின் நிறத்தையும் மென்மையையும் ஒவ்வொன்றாகப் பாடிச் சுற்றிவருகிறது. கடைசியில் சிரிப்பு நிற்கவே இல்லை என்பதைக் கவனித்துக் குனிந்து பார்த்தால், பல்லியின் வால்போல் மொட்டை. வெட்கத்தில் பேச்சற்று, பல்லை இளித்தபடி உருண்டு விழுந்துவிடுகிறது.

ஒபாசத்தின் வால் உண்மையிலேயே பெரும்பாலும் முடியற்றது. அச்சுறுத்தப்பட்டால் அது வாயைத் திறந்து பற்கள் தெரியச் செத்ததுபோல் கிடப்பதும் உண்மை. உடலமைப்பு ஒன்றையும் நடத்தை ஒன்றையும் ஒரே நிகழ்ச்சியில் முடிச்சுப்போட்டிருக்கும் இக்கதையைக் கட்டியவர்கள், காட்டில் அந்த விலங்கை நெடுங்காலம் உற்றுப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். வௌவால் கதையிலும் இதே கூர்மை தெரிகிறது. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் நடக்கும் பந்தாட்டத்தில், எலி அளவே உள்ள இரண்டு சிற்றுயிர்களை விலங்குகள் விரட்டிவிட, பறவைகள் மேளத்தோலை வெட்டி ஒன்றுக்குச் சிறகு தைக்கின்றன. தோல் தீர்ந்துபோகவே, மற்றொன்றின் உடல்தோலை முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் இழுத்துவிடுகின்றன. முதலாவது வௌவால், இரண்டாவது பறக்கும் அணில்.

இராமன் தடவிக்கொடுத்ததால் அணிலின் முதுகில் கோடு விழுந்தது என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அடையாளம் என்பது பெரும்பாலும் அருளின் பரிசு. இந்தத் தொகுப்பிலோ அது பந்தயத்தில் செய்த சூதாலும் பொறாமையாலும் பட்ட காயத்தாலும் வருகிறது. தீயைக் கொண்டுவரும் கதையில் காக்கை இனத்து ராவன் பறவை கருகிக் கருப்பாகிறது. ஓர் ஆந்தைக்குக் கண் சிவக்கிறது. வேறிரு ஆந்தைகளின் கண்களைச் சுற்றிச் சாம்பல் வளையமாகப் படிகிறது. இறுதியில், தான் இழைத்த நூலால் கிண்ணம் பின்னி முதுகில் கட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு தீக்கங்கை எடுத்து வருவது நீர்ச்சிலந்திதான். தோற்றவர்களும் முயன்றதற்கான அடையாளத்தோடு வாழ்கிறார்கள் என்பதே இக்கதையின் அழகு.

நூலின் தனிச்சிறப்பு, கதைசொல்லிகளுக்கு மூனி தரும் இடம். கதைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு ‘ஸ்விம்மர்’ என்று அறியப்பட்ட அயூனினி என்பவரிடமிருந்து பெறப்பட்டவை. ஆங்கிலம் பேசாத அந்த முதியவர் 1899இல், நூல் வெளிவரும் முன்பே, காலமானார். 1838இல் செரோக்கி மக்களில் பெரும்பாலோர் படைபலத்தால் மேற்கே விரட்டப்பட்டபோது, வட கரோலினா மலைகளில் தங்கிவிட்ட சிலரும் அவர்களின் வழிவந்தவர்களுமே மூனிக்குக் கதை சொன்னவர்களில் பெரும்பாலோர். அந்த வரலாற்றை நூலின் நீண்ட முதற்பகுதி சொல்கிறது. கதைகளுக்காக வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போக நினைக்கலாம். தாண்டாதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. பழங்குடி மக்களைப் பற்றிய மூனியின் சில சொற்களில் அக்காலத்து மேட்டிமை எட்டிப்பார்க்கிறது. விலங்குகளின் படங்கள் கதைதோறும் இல்லாததால், அமெரிக்கக் காட்டை அறியாத நம் வாசகர்கள் மிங்க் எது, டெராபின் எது என்று தனியே தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். சிறுவர்களுக்கு வாசித்துக்காட்ட விரும்புவோர் நாற்கால் விலங்குகளின் பகுதியிலிருந்து தொடங்கலாம். படைப்புக் கதைகளில் சில, குழந்தைகளுக்குக் கடுமையானவை.

காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சுப்படிதான் வேண்டும் என்பவர்கள், வாங்கும் முன் பின்குறிப்புகளும் சொல்லகராதியும் உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு கதையும் எவரிடமிருந்து பெறப்பட்டது, பிற இனத்தாரிடம் அதன் வேறு வடிவம் என்ன என்ற செய்திகள் பெரும்பாலும் அந்தப் பின்குறிப்புகளில்தான் இருக்கின்றன.