மலையில் ஆய்வு மையம்: கடிவாளம் யார் கையில்?

நீலகிரியில் ஆய்வு மையங்களுக்குப் பஞ்சமே இல்லை. புதிதாக ஒன்று வேண்டும் என்று பேசுகிறவர்கள் இடம் எங்கே, இயக்குநர் யார் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எதை ஆராய்வது என்று தீர்மானிக்கப்போவது யார் என்ற பேச்சு வருவதே இல்லை. இங்கேயே இருக்கும் மூன்று மாதிரிகளைப் பார்க்கலாம்.

ஊட்டிப் பக்கம் முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆய்வு நிலையத்துக்குத் தலைமையகம் சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம். 1961இல் நீலகிரி வயல்களில் உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் ஒட்டியிருக்கும் அந்தக் கூடு குண்டூசித் தலையளவுகூட இருக்காது. உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள்; பயிரே இல்லாவிட்டாலும் வருஷக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு ஊர்விட்டு ஊர் போகும். இதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா உருளைக்கிழங்கு ரகம் வெளிவந்தது 1985இல். மூன்று வருஷ புராஜெக்ட் பணத்தில் ஓடும் அமைப்பு 24 வருஷம் ஒரே புழுவைத் துரத்த முடியுமா? நிலையான சம்பளமும் பெரிய தலைமையகமும் இருந்ததால்தான் இது நடந்தது. குறை என்னவென்றால், சிம்லா நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் விவசாயிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் அது நாடு முழுவதற்குமான குழு. ஊட்டி அருகே பாலாடாவில் இருக்கும் விவசாயியின் குரல் அங்கே போய்ச் சேர்வது சிரமம்தான்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் வேறு ரகம். 1907இல் தொடங்கியது, 1977 முதல் மத்திய சுகாதாரத் துறையின் கீழ் தன்னாட்சி அமைப்பு. பெயர்தான் தன்னாட்சி. உற்பத்தித் தரவிதிகளுக்கு ஏற்ப இல்லை என்று 2008இல் தடுப்பூசி உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2010இல்தான் அந்த உத்தரவு விலகியது. கூடத்தைப் புதுப்பிக்கும் பெரிய செலவுக்கு டெல்லியை எதிர்பார்க்க வேண்டியிருக்கும்போது, உள்ளூர் இயக்குநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் என்ன பயன்?

கோத்தகிரி கீஸ்டோன் அறக்கட்டளை 1993இல் உருவானது. தேன் எடுக்கும் பழங்குடியினரிடம் போய்க் கேட்டதில் தொடங்கிய வேலை. அதன் தொடர்ச்சியாக 2013இல் பழங்குடியினரே பங்குதாரர்களாக ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் வந்தது. யாரிடம் கேள்வி கேட்டார்களோ அவர்களுக்கே கணக்குப் பார்க்கும் உரிமையும் கிடைத்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். பலவீனமும் தெரிந்ததே: அறக்கட்டளை என்றால் அடுத்த நன்கொடை எங்கிருந்து வரும் என்ற கவலை எப்போதும் உண்டு.

சரி, எது மேல்? புழு, மண்ணரிப்பு போன்ற நீண்டகால வேலைக்கு முத்தோரை மாதிரிதான். காடு, தேன், நிலவுரிமை என்றால் கோத்தகிரி வழி. அங்கே விஞ்ஞானி மட்டும் தலைமையில் இருந்தால் வேலை பாதியில் நிற்கும். தன்னாட்சி என்ற பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பிடித்துவைக்கும் மாதிரியைக் கொடைக்கானலுக்கோ கூடலூருக்கோ யாரும் சிபாரிசு செய்ய வேண்டாம்.

என்னைக் கேட்டால், சம்பளத்தை டெல்லியோ சென்னையோ கொடுக்கட்டும். ஆண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தரும் கூட்டம் மலையிலேயே நடக்கட்டும், ஓட்டுரிமையுள்ள உள்ளூர் உறுப்பினர்களோடு. அதையும் கேரட் அறுவடை நாளில் வைக்காமல் இருந்தால் ஆட்கள் வருவார்கள்.